இந்தியாவின் சிறப்பு வேதிப்பொருள் இறக்குமதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் இறக்குமதி ஆவணங்களைப் பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். திருப்பூர் சாயப்பட்டறைகளுக்குத் துணைப்பொருள் விற்பவர், ராணிப்பேட்டையில் தோல் பதனிடுபவர், வணிகவியல் படிக்கும் மாணவர், கெமிக்கல் பங்குகளை வாங்கி வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டவர் என்று ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துப் பதில்களை எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாது.

1. சிறப்பு வேதிப்பொருள் என்கிறார்களே, சாதாரண கெமிக்கலுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

சட்டத்தில் வரையறை எதுவும் இல்லை. தொழிலில் புழங்கும் பிரிவினைதான். சோடா சாம்பல், காஸ்டிக் சோடா, மெத்தனால் போன்றவற்றை டன் கணக்கில் வாங்குகிறோம். யார் தயாரித்தாலும் சரக்கு ஒன்றுதான், விலை மட்டுமே பேச்சு. சிறப்பு வேதிப்பொருளை அது செய்யும் வேலைக்காக வாங்குகிறோம். பனியன் துணியை மிருதுவாக்கும் சிலிகோன் சாஃப்ட்னர், தோலுக்கு வளைவு தரும் ஃபேட் லிக்கர், வெயிலில் பிளாஸ்டிக் வெளுக்காமல் காக்கும் சேர்மானம், பேட்டரிக்குள் போகும் லித்தியம் உப்பு எல்லாம் இந்த வகை. அளவு குறைவு, கிலோ விலை அதிகம், சப்ளையரை மாற்றினால் தரம் மாறிவிடுமோ என்ற பயமும் அதிகம்.

மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம் ஆகியவற்றைத் தயாரிக்கப் பயன்படும் இடைநிலைப் பொருள்களைச் சிலர் இதில் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள். இங்கே சேர்த்தே பேசுகிறேன். அவற்றை ஒதுக்கிவிட்டால் இந்தியாவின் இறக்குமதிக் கதையில் பாதி போய்விடும்.

2. அரசுப் புள்ளிவிவரத்தில் தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு தலைப்பே இல்லையே?

இருக்காது. சுங்கக் கணக்கு முழுவதும், பொருள்களை எண்ணால் வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீட்டின்படி நடக்கிறது. பிரஸ்ஸல்ஸில் உள்ள உலகச் சுங்க அமைப்பு உருவாக்கி, 1988இலிருந்து புழக்கத்தில் இருக்கும் முறை அது. முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுவதும் பொது. இந்தியா இன்னும் இரண்டைச் சேர்த்து எட்டு இலக்கமாக வைத்திருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம். சிறப்பு வேதிப்பொருள்கள் இதில் பல அத்தியாயங்களில் சிதறிக் கிடக்கின்றன. கனிம வகை 28, கரிம வகை 29, சாயமும் தோல் பதனிடும் பொருள்களும் 32, சோப்புத்தன்மையுள்ள பொருள்கள் 34, கலவைகள் பெரும்பாலும் 38, சிலிகோன் போன்ற பாலிமர்கள் 39.

29க்கும் 38க்கும் உள்ள எல்லையைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். தனியொரு சேர்மம், தூய நிலையில் வந்தால் 29. அதையே வேறு பொருள்களோடு கலந்து, ஒரு வேலைக்குத் தயாரான நிலையில் கொண்டுவந்தால் 38. துணிக்கு மெருகூட்டும் கலவை 3809, தெளிக்கத் தயாரான பூச்சிக்கொல்லி 3808, எங்கும் அடங்காத கலவை 3824. ஆகவே 'சிறப்பு வேதிப்பொருள் இறக்குமதி இத்தனை கோடி' என்று யாராவது எழுதினால், எந்தெந்தக் குறியீடுகளைக் கூட்டினீர்கள் என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்லாதவரின் எண்ணை விட்டுவிடலாம்.

3. எண்கள் எங்கே கிடைக்கும்? பணம் கட்ட வேண்டுமா?

வேண்டாம். துறைமுகங்களில் இறக்குமதியாளர் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்கப் படிவத்தின் விவரங்களைக் கொல்கத்தாவில் இருக்கும் வணிகத் தகவல் மற்றும் புள்ளியியல் தலைமை இயக்குநரகம் தொகுக்கிறது. மத்திய வணிக அமைச்சகத்தின் இணையதளத்தில் எட்டு இலக்கக் குறியீடு, நாடு, மாதம் என்று பிரித்து இலவசமாகவே பார்க்கலாம். ஐக்கிய நாடுகள் சபையின் காம்ட்ரேட் தளத்தில் ஆறு இலக்கம் வரை எல்லா நாடுகளுக்கும் கிடைக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நம் கணக்கு ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கு. காம்ட்ரேட் பெரும்பாலும் ஜனவரியில் தொடங்கும் ஆண்டுக்கு. இரண்டையும் ஒரே அட்டவணையில் அருகருகே வைத்து 'எண் பொருந்தவில்லை' என்று பதறுபவர்கள் வாரம் ஒருவராவது வருகிறார்கள்.

4. முன்பெல்லாம் எந்தக் கம்பெனி யாரிடம் என்ன விலைக்கு வாங்கியது என்றே பட்டியல் விற்றார்களே. இப்போது ஏன் கிடைப்பதில்லை?

2022ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் சுங்கச் சட்டத்துக்குள் 135ஏஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஓர் இறக்குமதியாளர் சுங்கத்திடம் தெரிவித்த விலை, அளவு போன்ற விவரங்களை, சட்டம் அனுமதிக்காத வகையில் வெளியிடுவது இப்போது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மொத்தப் புள்ளிவிவரத்தை அரசு தொடர்ந்து வெளியிடுகிறது; தனி நிறுவனத்தின் வாங்கல் விலைதான் மறைக்கப்பட்டிருக்கிறது.

போட்டியாளரின் விலையை வைத்து வியாபாரம் செய்தவர்களுக்கு வருத்தம்தான். சப்ளையரை அரும்பாடுபட்டுக் கண்டுபிடித்த சிறு இறக்குமதியாளர், அடுத்த மாதமே அந்த விவரம் சந்தையில் விற்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் முடிந்தது. எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை.

5. சரி, ஒரே வரியில் சொல்லுங்கள். இறக்குமதி கூடுகிறதா, குறைகிறதா?

நீண்ட காலப் போக்கில் கூடுகிறது. இடையில் ஓராண்டு ஏறுவதும் மறு ஆண்டு இறங்குவதும் பெரும்பாலும் விலையின் விளையாட்டு. ஒரு வரிக்கு மேல் படிக்கத் தயாரென்றால் 2021 முதல் 2023 வரை நடந்ததைப் பாருங்கள்.

2021 செப்டம்பரில் சீனாவில் மின்சாரத் தட்டுப்பாடும் ஆற்றல் நுகர்வுக் கட்டுப்பாடும் ஒன்றாக வந்தன. யுன்னான் மாகாணம் ஓர் ஆணை போட்டது: மஞ்சள் பாஸ்பரஸும் தொழிற்சாலைச் சிலிகானும் தயாரிக்கும் ஆலைகள், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, ஆகஸ்ட் மாத உற்பத்தியில் பத்து சதவீதத்துக்கு மேல் தயாரிக்கக் கூடாது. பாஸ்பரஸை நம்பியிருக்கும் கிளைஃபோசேட் களைக்கொல்லியின் விலை எகிறியது. சிலிகானிலிருந்து சிலாக்சேன், சிலாக்சேனிலிருந்து அமினோ சிலிகோன், அதிலிருந்து திருப்பூரில் டிரம்மில் இறங்கும் சாஃப்ட்னர் என்று விலையேற்றம் படிப்படியாக நம் ஊர் வரை வந்தது. போதாததற்குக் கண்டெய்னர் கட்டணமும் அந்த ஆண்டு உச்சத்தில் இருந்தது. பயந்துபோன வாங்குபவர்கள் தேவைக்கு மேல் ஆர்டர் போட்டார்கள்.

2023இல் கதை திரும்பியது. குடோன்கள் நிரம்பியிருந்தன, சீன ஆலைகள் முழு வீச்சில் ஓடின, விலை சரிந்தது. இறக்குமதி மதிப்பு விழுந்ததைப் பார்த்து 'தற்சார்பு வந்துவிட்டது' என்று எழுதியவர்கள் உண்டு. மதிப்பு சரிந்த பல குறியீடுகளில் கிலோக் கணக்கு அந்த அளவுக்குக் குறையவே இல்லை. அவர்கள் அட்டவணையின் அந்த நெடுவரிசையைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

6. ரூபாயில் பார்ப்பதா, டாலரில் பார்ப்பதா?

போக்கைப் பார்க்க டாலர், உங்கள் பட்ஜெட்டைப் பார்க்க ரூபாய். 2010–11இல் ஒரு டாலரின் சராசரி மதிப்பு 46 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 2023–24இல் 83 ரூபாயை ஒட்டி. அந்த இரு ஆண்டுகளிலும் ஒரே அளவு டாலருக்கு வாங்கியிருந்தாலும் ரூபாய்க் கணக்கு எண்பது சதவீதம் கூடியதாகக் காட்டும். நீண்ட கால ஒப்பீட்டை ரூபாயில் போட்டு அதிர்ச்சி ஊட்டும் வரைபடங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

7. மதிப்பைக் கிலோவால் வகுத்தால் விலை வந்துவிடும்தானே?

வரும், ஆனால் எட்டு இலக்கத்தில் ஒரே பொருள் இருந்தால்தான் அந்த விலைக்கு அர்த்தம். 'பிற' என்று முடியும் குறியீடுகளில் நூற்றுக்கணக்கான பொருள்கள் ஒன்றாகக் கிடக்கும். கிலோ 200 ரூபாய்ச் சரக்கு 90 டன்னும் கிலோ 5,000 ரூபாய்ச் சரக்கு 10 டன்னும் ஒரு குறியீட்டில் வந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 680 ரூபாய். அடுத்த ஆண்டு விலையுயர்ந்த சரக்கு 5 டன்னாகக் குறைந்தால், மலிவான சரக்கு அப்படியே இருக்க, சராசரி சுமார் 453 ரூபாய்க்கு இறங்கும். எந்தப் பொருளின் விலையும் ஒரு பைசா மாறவில்லை. ஆனால் 'விலை மூன்றில் ஒரு பங்கு சரிந்தது' என்று தலைப்பு போட்டுவிடலாம்.

அத்தியாயம் 29 முழுவதற்கும் சராசரி விலை கணக்கிடுவது இதைவிட மோசம். மெத்தனாலும் ஹார்மோனும் அதே அத்தியாயத்தில்தான் இருக்கின்றன.

8. எல்லாமே சீனாவிலிருந்துதானே வருகிறது?

அதிகம் அங்கிருந்துதான். மருந்து மூலப்பொருள், இடைநிலைப் பொருள் இறக்குமதியில் மட்டும் ஏறத்தாழ 70 சதவீதம் சீனாவுடையது. ஆனால் 'எல்லாமே' என்பது சரியில்லை. அயோடினுக்குச் சிலியும் ஜப்பானும். மஞ்சள் பாஸ்பரஸுக்கு முக்கியமாக வியட்நாம். தோலுக்குப் போடும் வாட்டில் சாறு தென்னாப்பிரிக்காவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வருகிறது, கெப்ராச்சோ சாறு அர்ஜென்டினாவிலிருந்து. புரோமினுக்கு இஸ்ரேல், ஜோர்டான் பக்கம் சாக்கடல் இருக்கிறது. நம்மிடம் கட்ச் உப்பு வெளி இருக்கிறது.

ஜெர்மனி, ஜப்பான், சுவிட்சர்லாந்து, அமெரிக்கா ஆகியவற்றைக் கிலோக் கணக்கில் பார்த்தால் கண்ணிலேயே படாது. கிலோ விலையில் பார்த்தால் முன்னால் வந்து நிற்கும். எந்த நாட்டை நம்பியிருக்கிறோம் என்று கேட்பவர்கள் எடையையும் மதிப்பையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மூன்றாவதாக இன்னொன்றும் உண்டு: அந்தச் சரக்கு நின்றால் மாற்று எத்தனை நாளில் கிடைக்கும் என்பது. அது எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை.

9. பென்சிலின்கூட வெளியிலிருந்து வாங்குகிறோமாமே. நம்மால் செய்ய முடியாதா?

செய்துகொண்டிருந்தோம். புனே அருகே பிம்பிரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற அரசு நிறுவனம் 1954இல் தொடங்கப்பட்டதே பென்சிலினுக்காகத்தான். பின்னர் தனியார் ஆலைகளும் வந்தன. 1990களில் இறக்குமதி தாராளமானபோது, பெரிய நொதிகலன்களும் மலிவான சர்க்கரையும் மின்சாரமும் வைத்திருந்த சீன ஆலைகளின் விலைக்கு நம்மவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக மூடினார்கள். மருந்து தயாரிக்கும் அறிவு குறையவில்லை; மாத்திரையும் ஊசியும் உலகத்துக்கே அனுப்பினோம், அதன் அடிப்படைச் சரக்கை மட்டும் வாங்கினோம்.

2020இல் மத்திய அரசு 6,940 கோடி ரூபாயில், 41 பொருள்களுக்கான உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தை அறிவித்தது. அதன் பலனாக ஆந்திராவின் காக்கிநாடா பகுதியில் அரவிந்தோ குழுமத்தின் பென்சிலின்-ஜி ஆலை 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது. அதே காலத்தில் சந்தை விலையும் இறங்கியது. ஆலை கட்டுவது முதல் பாதி. கட்டிய ஆலை, எதிராளி விலையைக் குறைக்கும்போதும் ஓட வேண்டும் என்பது இரண்டாம் பாதி. இரண்டாம் பாதிக்கு நம்மிடம் இன்னும் தெளிவான கொள்கை இல்லை என்பது என் கருத்து.

10. ஆக இறக்குமதி கூடினால் நாட்டுக்கு நஷ்டம்தானே?

சரக்கு எதற்காக வந்தது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. அட்வான்ஸ் ஆதரைசேஷன் என்று ஒரு திட்டம் உண்டு. ஏற்றுமதிக்கான பொருளைத் தயாரிக்கத் தேவையான சரக்கை வரியில்லாமல் கொண்டுவரலாம். குறித்த காலத்துக்குள் தயாரித்து ஏற்றுமதி செய்துவிட வேண்டும். களைக்கொல்லிக்கான இடைநிலைப் பொருள் சீனாவிலிருந்து வந்து, குஜராத்தில் மேலும் இரண்டு மூன்று வினைகளைக் கடந்து, பிரேசிலுக்குப் போகிறது. இந்த இறக்குமதி கூடினால் ஏற்றுமதியும் கூடும். சாயத்திலும் பூச்சிக்கொல்லியிலும் இந்தியா வாங்குவதைவிட விற்பதுதான் அதிகம்.

அதற்காக மொத்தக் கணக்கு சுகமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. 2023இல் இந்தியாவின் வேதிப்பொருள் வர்த்தகப் பற்றாக்குறை 31 பில்லியன் டாலர் என்று நிதி ஆயோக்கின் 2025ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. அதில் பெட்ரோகெமிக்கலும் அடக்கம். பற்றாக்குறையைக் குறைக்க எங்கே கை வைப்பது என்பதற்கு 'எல்லா இறக்குமதியும் கெட்டது' என்பதைவிட நல்ல தொடக்கம் வேண்டும்.

11. ஒரு டிரம் வந்து இறங்கினால் வரி எவ்வளவு ஆகும்?

அத்தியாயம் 29இல் பல பொருள்களுக்கு அடிப்படைச் சுங்க வரி 7.5 சதவீதம். சரக்கு விலை, காப்பீடு, கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்த சி.ஐ.எஃப். மதிப்பு ஒரு லட்சம் ரூபாய் என்றால் அடிப்படை வரி 7,500. அந்த வரியின் மேல் பத்து சதவீதம் சமூக நல கூடுதல் வரி, 750. ஆக 1,08,250. இதன் மேல் ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 19,485. மொத்தம் 27,735 ரூபாய் கட்டிச் சரக்கை எடுக்கிறீர்கள்.

ஐ.ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால் உண்மையில் அடக்க விலையில் ஏறுவது 8,250 தான். ஆனால் 19,485 ரூபாய் சில வாரமோ சில மாதமோ முடங்கிக் கிடக்கும். சிறு வியாபாரிக்கு அந்த முடக்கம்தான் நிஜமான வரி. குறியீட்டுக்குக் குறியீடு விகிதம் மாறும், பட்ஜெட்டில் மாறும். ஆர்டர் போடும் நாளில் அல்ல, பில் ஆஃப் என்ட்ரி போடும் நாளில் உள்ள விகிதத்தைப் பாருங்கள்.

12. ஒப்பந்தம் உள்ள நாட்டிலிருந்து வாங்கினால் சுங்க வரி பூஜ்யம் என்கிறார் சப்ளையர். நம்பலாமா?

சரிபார்த்துவிட்டு நம்பலாம். ஆசியான் நாடுகள், தென்கொரியா ஆகியவற்றுடன் 2010 முதலும், ஜப்பானுடன் 2011 முதலும், ஐக்கிய அரபு அமீரகத்துடன் 2022 முதலும், சுவிட்சர்லாந்து உள்ளிட்ட எஃப்டா நாடுகளுடன் 2025 அக்டோபர் முதலும் வரிச் சலுகை உண்டு. ஒவ்வொன்றிலும் எல்லாப் பொருளுக்கும் பூஜ்யம் கிடையாது. சீனாவுடன் அத்தகைய பெரிய ஒப்பந்தம் இல்லை. ஆனால் 1975இல் பாங்காக் ஒப்பந்தமாகத் தொடங்கிய ஆசிய பசிபிக் வர்த்தக உடன்பாட்டில் சீனாவும் இந்தியாவும் உறுப்பினர்கள். அதில் சில குறியீடுகளுக்குச் சிறிய சலுகை இருக்கிறது. பலருக்கு இது தெரியாமலே முழு வரி கட்டுகிறார்கள்.

சலுகை கேட்டால் 2020 செப்டம்பரிலிருந்து, சரக்கின் பிறப்பிடத்தைச் சரிபார்க்கும் கேரோட்டார் விதிகள் பொருந்தும். பிறப்பிடச் சான்றிதழைக் காட்டிவிட்டு ஒதுங்க முடியாது. அந்த நாட்டில் என்ன வினை நடந்தது, எவ்வளவு மதிப்பு கூடியது என்ற விவரத்தை இறக்குமதியாளரே கேட்டு வாங்கி, ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சீன டிரம்மில் லேபிள் மட்டும் மாற்றி வேறு நாட்டுச் சான்றிதழோடு வரும் சரக்கில் சிக்குபவர் நீங்கள்தான். சப்ளையர் தொலைபேசியை எடுக்க மாட்டார்.

13. சீனச் சரக்கைச் சிங்கப்பூர் வியாபாரியிடம் வாங்கினேன். அது எந்த நாட்டுக் கணக்கில் போகும்?

இன்வாய்ஸ் எங்கிருந்து வந்தாலும், பிறப்பிட நாடு என்ற கட்டத்தில் சீனா என்றுதான் எழுத வேண்டும். ஒழுங்காக எழுதினால் சீனக் கணக்கு. எழுதாதவர்களும் உண்டு என்பதால் சிங்கப்பூர், ஹாங்காங், துபாய் வழி வரும் எண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

சீனச் சுங்கம் 'இந்தியாவுக்கு இவ்வளவு அனுப்பினோம்' என்று சொல்லும் மொத்த எண்ணும், இந்தியா 'இவ்வளவு வாங்கினோம்' என்று சொல்வதும் பொருந்துவதில்லை. அனுப்பும் நாடு கப்பல் கட்டணம் சேர்க்காத எஃப்.ஓ.பி. மதிப்பில் எழுதும்; வாங்கும் நாடு சி.ஐ.எஃப். மதிப்பில் எழுதும். எனவே நம் எண்தான் பெரிதாக இருக்க வேண்டும். நடப்பது தலைகீழ். மூன்றாம் நாட்டு வழி, ஆண்டுக் கடைசியில் கடலில் இருக்கும் சரக்கு, விலையைக் குறைத்துக் காட்டுவது என்று காரணங்கள் பல சொல்கிறார்கள். ஒன்றே காரணம் என்று சொல்பவரிடம் ஆதாரம் கேளுங்கள்.

14. குவிப்புத் தடுப்பு வரி போட்டால் இறக்குமதி நின்றுவிடுமா?

வெளிநாட்டார் தங்கள் ஊர் விலையைவிடக் குறைத்து இங்கே குவிக்கிறார்கள் என்று உள்நாட்டு உற்பத்தியாளர்கள் புகார் கொடுத்தால், வணிகத் தீர்வுகள் தலைமை இயக்குநரகம் விசாரித்துப் பரிந்துரைக்கும். நிதி அமைச்சகம் ஏற்றால் வரி அமலாகும். வழக்கமாக ஐந்து ஆண்டு, பின்பு மறு ஆய்வு. நாடு மட்டுமல்ல, தயாரிப்பாளர் வாரியாகவும் விகிதம் மாறும்.

அந்த நாட்டிலிருந்து வருவது குறையும். பின் இரண்டில் ஒன்று நடக்கும்: அதே பொருள் வேறு நாட்டிலிருந்து வரத் தொடங்கும், அல்லது அந்தப் பொருளை வைத்துச் செய்யும் அடுத்த கட்டப் பொருள் நேரடியாக வரத் தொடங்கும். இரண்டாவது ஆபத்தானது. மூலப்பொருளுக்கு வரி, தயாரான பொருளுக்கு வரி இல்லை என்றால் இங்கே இருக்கும் சிறு கலவை ஆலை மூடிக்கொள்ளும். வரி கேட்டு வாதாடப் பெரிய உற்பத்தியாளரிடம் வழக்கறிஞர் இருக்கிறார். ஐம்பது பயனாளர்கள் சேர்ந்து எதிர்த்து மனுப் போட வேண்டும் என்றால், ஐம்பது பேரும் மற்ற நாற்பத்தொன்பது பேரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வேறொரு ஆயுதம் குறைந்தபட்ச இறக்குமதி விலை. 2025 தொடக்கத்தில் குளூஃபோசினேட் களைக்கொல்லியின் மூலப்பொருளுக்குக் கிலோ 1,289 ரூபாய் என்று வைத்தார்கள். அதற்குக் கீழே உள்ள விலையில் கொண்டுவர முடியாது என்றார்கள். இப்படிப்பட்ட பொருளின் கிலோ விலை வரைபடம் திடீரென்று நேர்க்கோடாக மாறும். அதைச் சந்தை விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

15. ஒரு மாதம் இறக்குமதி இரட்டிப்பாகிறது, அடுத்த மாதம் காணாமல் போகிறது. யாராவது ஏமாற்றுகிறார்களா?

முதலில் அரசிதழைப் பாருங்கள். தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்தால், குறித்த நாளுக்குப் பின் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பி.ஐ.எஸ்.) உரிமம் இல்லாத வெளிநாட்டு ஆலையின் சரக்கு உள்ளே வராது. ஆய்வுக்கு அதிகாரிகள் அங்கே போய் உரிமம் கொடுக்க மாதக்கணக்கில் ஆகும். அதனால் கடைசித் தேதிக்கு முன் எல்லோரும் குவிப்பார்கள், பிறகு வெறிச்சோடும், தேதி தள்ளிப்போனால் மறுபடி வரும். 2025 நவம்பரில் பாலியஸ்டர், பிளாஸ்டிக் மூலப்பொருள்கள் உட்பட 14 பொருள்களுக்கான ஆணைகளை மத்திய அரசே திரும்பப் பெற்றது. இத்தகைய மாதங்களை உள்ளடக்கிய ஆண்டை வைத்து வளர்ச்சி விகிதம் கணக்கிட்டால் எண்ணுக்குப் பொருளே இருக்காது.

16. நான் ஆண்டுக்கணக்காகப் பார்த்துவந்த குறியீடு 2022இல் பூஜ்யமாகிவிட்டது. அந்தப் பொருளைத் தடை செய்துவிட்டார்களா?

குறியீட்டை மாற்றியிருப்பார்கள். எச்.எஸ். முறையை ஏறக்குறைய ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். 2022 திருத்தத்தில் குளிர்பதன வாயுக் கலவைகளை 3824இலிருந்து எடுத்து 3827 என்ற புதிய தலைப்பில் வைத்தார்கள். புவி வெப்பமடைவதைத் தடுக்கும் கிகாலி உடன்பாட்டின்படி அந்த வாயுக்களைத் தனித்தனியாகக் கணக்கெடுக்க வேண்டியிருந்தது. பழைய குறியீட்டில் வீழ்ச்சி, புதிய குறியீட்டில் முடிவிலா வளர்ச்சி. சிலிண்டர்கள் மட்டும் முன்போலவே வந்துகொண்டிருந்தன.

எட்டு இலக்க அளவில் இந்தியாவே தனியாகவும் மாற்றும். 'பிற' என்ற மூட்டையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்துத் தனிக் குறியீடு கொடுத்தால், அந்த மூட்டை இளைக்கும். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட தொடர் போடுபவர்கள் பழைய, புதிய குறியீடுகளின் ஒப்பீட்டு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

17. பில் ஆஃப் என்ட்ரியில் சி.ஏ.எஸ். எண் கேட்கிறார்கள். இது எதற்கு? சப்ளையர் கொடுத்த எண் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஏழாம் பதிலில் சொன்ன 'பிற' மூட்டைதான் காரணம். வேதிப்பொருள் அத்தியாயங்களில் 2023இலிருந்து பொருளின் வேதிப்பெயரையும், ஒவ்வொரு சேர்மத்துக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான சி.ஏ.எஸ். எண்ணையும் சுங்கம் கேட்கிறது. வணிகப் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் குறியீட்டைத் தவறாகப் போடுவது கடினம். கலவையின் சூத்திரத்தைச் சொல்லச் சப்ளையர்கள் தயங்குவார்கள். அது நியாயமான தயக்கம், முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எண்ணைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. கடைசி இலக்கம் சோதனை இலக்கம். சாயப்பட்டறையில் புழங்கும் அசிட்டிக் அமிலத்தின் எண் 64-19-7. கடைசி 7ஐ விட்டுவிட்டு, மீதியை வலமிருந்து இடமாக 1, 2, 3, 4 என்று பெருக்குங்கள்: 9×1, 1×2, 4×3, 6×4. கூட்டினால் 47. கடைசி இலக்கம் 7, பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் எண்ணை அடித்ததில் பிழை. பொருந்தினாலும் டிரம்முக்குள் அசிட்டிக் அமிலம்தான் இருக்கிறது என்று அர்த்தமில்லை, அதைச் சுங்க ஆய்வகம் சொல்லும்.

18. சீனாவில் ஓர் ஆலை வெடித்தால் இங்கே ஏன் விலை ஏறுகிறது? ஆயிரம் ஆலைகள் இருக்கின்றனவே?

ஆயிரம் ஆலைகள் இருக்கின்றன. ஆனால் குறிப்பிட்ட ஓர் இடைநிலைப் பொருளுக்கு மூன்றோ நான்கோதான் இருக்கும். 2019 மார்ச் 21 அன்று ஜியாங்சு மாகாணத்தின் சியாங்சுயியில் ஓர் இரசாயன ஆலை வெடித்து 78 பேர் இறந்தார்கள். அந்த ஆலை சாயத்துக்கான எம்-ஃபெனிலீன்டையமின் தயாரித்தது. விபத்துக்குப் பின் அந்தத் தொழிற்பேட்டையையே மூட முடிவெடுத்தார்கள். பாலியஸ்டருக்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயங்களின் விலை ஏறியது. பருத்தி பனியனுக்கு ரியாக்டிவ் சாயம். அது பெரும்பாலும் குஜராத்திலிருந்து வருவதால் திருப்பூருக்கு அடி அவ்வளவாக விழவில்லை. சூரத்தில் விழுந்தது. ஒரே விபத்து எந்த ஊரைத் தாக்கும் என்பது அங்கே என்ன துணி ஓடுகிறது என்பதைப் பொறுத்தது.

19. அடுத்து எந்த இறக்குமதி பெருகும்?

பேட்டரிக்கானவை பெருகும் என்று தைரியமாகச் சொல்லலாம். லித்தியம் அயான் பேட்டரியின் திரவத்தில் கரையும் முக்கிய உப்பு லித்தியம் ஹெக்ஸாஃபுளோரோபாஸ்பேட். காற்றின் ஈரம் பட்டாலே சிதைந்து, ஆபத்தான ஹைட்ரஜன் ஃபுளோரைடை வெளியிடும். அதைத் தயாரிப்பதும் அனுப்புவதும் சேமிப்பதும் சாதாரண கெமிக்கல் குடோன் வேலை இல்லை. உலக உற்பத்தியில் பெரும்பகுதி சீனாவிடம் இருக்கிறது. இந்திய நிறுவனங்கள் சில இறங்கியிருக்கின்றன.

போக்கைக் கவனிக்க நினைப்பவர்களுக்கு ஒரு சங்கடம்: அந்த உப்பு 2826 90 என்ற 'பிற' குறியீட்டில் மற்ற ஃபுளோரைடு உப்புகளோடு கிடக்கிறது. மறுபடியும் அதே மூட்டை.

20. இந்த எண்களை வைத்துக் கெமிக்கல் பங்கு வாங்கலாமா?

மாத மொத்தம் அடுத்த மாத நடுவில் வரும், எட்டு இலக்க விவரம் அதற்கும் பின்னால் வரும், பிறகு திருத்தமும் வரும். நீங்கள் பார்க்கும் சரக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு முன் பேசிய விலையில் வந்தது. ஆலைக்காரரும் வியாபாரியும் இன்றைய விலையைத் தொலைபேசியில் கேட்டுவிடுகிறார்கள். தவிர, ஒரு பொருளின் இறக்குமதி குறைந்தால் உள்நாட்டு ஆலைக்கு லாபமா, அல்லது அதை வாங்கிப் பயன்படுத்தும் தொழிலே படுத்துவிட்டதா என்பதை அந்த எண் சொல்லாது. பத்தாம், பதினான்காம் பதில்களைப் படித்துவிட்டு, அந்த நிறுவனம் அந்தப் பொருளை விற்கிறதா வாங்குகிறதா என்று முதலில் பாருங்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்திருக்கவில்லை.